தலைவர், இயக்குநர்கள், செயலாளர், இதர

உண்மை என்பது மற்ற ஊர்களில் எப்போது பிறந்ததோ தெரியாது. காஞ்சிபுரத்தில் அது 1974 ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ராகுகாலத்துக்கு அரைமணி முன்னதாக, சிங்கப்பூரிலிருந்து மரப்பெட்டியில் வந்து இறங்கியது.

பெட்டிக்குள் இருந்தது ஒரு ஸ்டீரியோ ரிசீவர், அதோடு சேர்த்து மாட்ட ஒரு டேப் ரெக்கார்டர். பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் துரைக்கண்ணுவுக்கு மருமகன் அனுப்பியது. துரைக்கண்ணு தாமலில் எட்டு ஏக்கர் பயிர் வைப்பவர். ஆயுளில் ஒருநாளும் தறியில் உட்காராததால் நெசவாளர் விஷயத்தில் நடுநிலை தவறாதவர். ரிசீவரைச் சங்கத்துக்கே 'அர்ப்பணித்தார்'. ஆனால் அது அவர் வீட்டுக் கூடத்தை விட்டு நகரவில்லை. சங்கக் கூட்டம்தான் கூடத்துக்கு நகர்ந்தது.

இனிமேல் கூட்ட நடவடிக்கைகளை டேப்பில் பதிவு செய்து, மறுநாள் அதைக் கேட்டு எழுதினால் போதும் என்று முடிவாயிற்று. செயலாளர் மாணிக்கவாசகம் பூரித்துப்போனார். இருபத்திரண்டு வருஷமாக மினிட் புத்தகத்தில் ஓர் அடித்தல் திருத்தல் விடாமல் எழுதிவருகிறவர் அவர்.

ரிசீவரின் முகப்பில் ஒரு குமிழ். அதைச் சுற்றி நான்கு இடங்கள்: ரேடியோ, இசைத்தட்டு, வேறு இணைப்பு, மைக். குமிழ் எங்கே நிற்கிறதோ அந்தச் சத்தம்தான் டேப்பில் ஏறும். ஒயர் மாட்டிக் கொடுத்த ரேடியோ மெக்கானிக் தேவசகாயம் இதை மூன்று தடவை சொன்னார். எழுத்து இங்கிலீஷில் இருந்ததால் தமிழில் சீட்டு ஒட்டும்படி தலைவர் உத்தரவிட்டார்.

"மைக்கு நாலாவதுல இருக்குது தலைவரே. அங்க 'கூட்டம்'னு ஒட்டிட்டா முடிஞ்சுது" என்றார் தேவசகாயம்.

"நாலாவதா? கோயில்லயே எனக்குத்தான் மொத மாலை. என் வூட்டுப் பொட்டில நான் நாலாவதாப்பா?"

"அது ஒயர் மாட்டற எடம். மரியாதை எடம் இல்ல."

"உனுக்கு ஒயரு தெரியுது. மரியாதை தெரியல."

மாணிக்கவாசகம் சிக்கலைச் சுமுகமாகத் தீர்த்தார். மைதாப் பசை காய்ச்சி, முதல் இடத்திலிருந்து வரிசை பிசகாமல் ஒட்டினார்: தலைவர், இயக்குநர்கள், செயலாளர், இதர.

முதல் கூட்டத்தில் குமிழ் 'தலைவர்' மேல் நின்றது. இடைஞ்சல் வேண்டாம் என்று பெட்டியிலிருந்து வந்த சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, டேப்பை ஓடவிட்டார்கள்.

பேச வேண்டிய பொருள் ஒன்றே ஒன்று. உறுப்பினர் வீரபாகு தை மாதம் காலமாகிவிட்டார். அவர் தறியில் பதினாறு வருஷமாக நெய்துவருபவள் மகள் ஏலவார்குழலி. உறுப்பினர் இடத்தைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டாள். மாற்றாவிட்டால் சங்கத்திலிருந்து பட்டும் வராது, சரிகையும் வராது. தறி சும்மா நிற்கும்.

"அப்பா பேருல இருந்துச்சே தவிர, நெய்ஞ்சதெல்லாம் நான்தான். இனிமே என் பேருல இருக்கட்டும்னு கேக்கறேன்" என்றாள்.

ஒன்பது இயக்குநர்களும் கை தூக்கினார்கள். மாணிக்கவாசகம் எண்ணினார். "ஏகமனதா முடிஞ்சுது. போய்ட்டு வாம்மா" என்றார் தலைவர்.

மறுநாள் மாணிக்கவாசகம் டேப்பைப் போட்டார். கத்தரியில் காய்ப்புழு பரவிவருவதாகவும், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்க வேண்டும் என்றும் ஒரு குரல் திருத்தமாக எடுத்துச் சொன்னது. ஒரே நாளில் தலைவர் குரல் இவ்வளவு தெளிந்துவிட்டதே என்று அவர் வியந்தார். சீட்டில் 'தலைவர்' என்று இருக்கும்போது வேறுவிதமாக நினைப்பது செயலாளருக்கு அழகல்ல.

தலைவரும் கேட்டுப் பார்த்தார். "என் கொல்லையிலயும் அதே புழுதான்பா. நான் வாய தொறக்காததக்கூடப் புடிச்சிக்கினு இருக்குது" என்று நெகிழ்ந்தார். கத்தரிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிப்பதென ஏகமனதாகத் தீர்மானம் எழுதப்பட்டது. தொட்டியில்கூடச் செடி வளர்க்காத ஒன்பது பேர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

பட்டு வாங்கச் சங்கத்துக்கு வந்த ஏலவார்குழலியிடம் மாணிக்கவாசகம் சொன்னார்: "டேப்புல உன் விஷயம் இல்லியேம்மா."

அவள் தலைவர் வீட்டுக் கூடத்துக்கே போனாள். மினிட் புத்தகத்தோடு மாணிக்கவாசகமும் பின்னால் போனார். குமிழை நாலாவது இடமான 'இதர' பக்கம் திருப்பினாள். டேப்பை ஓடவிட்டு, மைக்கில் தன் பெயரைச் சொன்னாள். டேப்பைப் பின்னால் ஓட்டிப் போட்டதும் அவள் பெயர் கணீரென்று கேட்டது. கூடவே தலைவரின் இருமலும்.

"இங்கதான் சார் மைக்கு இருக்குது. சீட்ட மாத்தி ஒட்டுங்க. இன்னொரு தபா கூட்டத்துல வையுங்க."

துரைக்கண்ணு பொறுமையாக விளக்கினார். "அப்போ நான் பேசறது 'இதர'ல வருமா? சீட்ட யாரும் தொடக்கூடாது. போன கூட்டத்துலயே வராத விஷயத்த இன்னொரு தபா எப்புடிம்மா வெக்கிறது?"

ஏலவார்குழலி செயலாளர் பக்கம் திரும்பினாள்.

"மிசினு கெடக்கட்டும் சார். அன்னிக்கு நீங்க எதிர்லதான் குந்திக்கினு இருந்தீங்க. தூக்கின கைய எண்ணினதே நீங்கதான். நான் பேசினது உங்க காதுல வுழுந்துதா, இல்லியா?"

மாணிக்கவாசகத்துக்கு வெட்கமாக இருந்தது. தலைவர் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைவிடப் பயமாக இருந்தது. ஆனாலும் பொறுப்புள்ள செயலாளர் அவசரப்பட்டு வாயைத் திறக்கலாகாது. மினிட் புத்தகத்தைப் பிரித்தார். அந்தத் தேதியின் பக்கத்தை முதல் வரியிலிருந்து ஒன்பதாவது கையெழுத்துவரை விரல் வைத்துப் படித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"வுழலம்மா."