நாலுக்கு நாலு

சிம்மக்கல் மாடியில் இருந்த அந்தக் கல்யாணத் தகவல் மையத்தில் பெண்ணுக்குப் பதிந்திருந்த வீடுகளில் முக்கால்வாசிக்கு அன்று காலை அழகுபாண்டியின் படம் போய்ச் சேர்ந்திருந்தது. போயிருக்க வேண்டியது ஒரே ஒரு வீட்டுக்கு.

படத்தில் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி நின்றான். வழுக்கை தெரியாத ஒரே கோணம் அது.

"மாப்ள!" என்று கத்தினார் முதலாளி மருது. ஊரில் அவனை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். "பேரையூர்ல இருந்து ஒரு அம்மா பேசுது. மூத்த மகளுக்கும் உன் போட்டோதானாம், இளையவளுக்கும் உன் போட்டோதானாம். யாருக்குய்யா நீயின்னு கேக்குது. என்னத்தச் சொல்ல?"

"சின்னப் பிழைண்ணே. இப்பச் சரி பண்ணிர்றேன்."

மையத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவன் அவன்தான். மருது நாளுக்கொரு புதுக் கேள்வியோடு வருவார். மாப்பிள்ளை குறட்டை விடுவாரா, பொண்ணு ஸ்கூட்டி ஓட்டுமா. ஒவ்வொன்றுக்கும் புதுக் கட்டம் போட்டு மாளாமல், அழகுபாண்டி மூன்றே கட்டத்தில் முடித்துவிட்டான்: யார், என்ன கேள்வி, என்ன பதில். ஒரு பதிலுக்கு ஒரு வரி. அப்படி ஒவ்வொரு ஆளையும் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டு வைத்திருந்தான். போடுவது சுலபம். தேடும்போதுதான் ஆள் ஒன்றுசேர மாட்டேன் என்கிறான்.

தேடியது பாண்டிமீனாவுக்காக. மையத்தில் போன் எடுப்பவள். தன் விவரத்தையும் அதிலேயே பதிந்து நாலு விருப்பம் சொல்லியிருந்தாள்: பட்டதாரி, மதுரையிலேயே வேலை, சைவம், கோபப்படாதவர். அழகுபாண்டிக்கு அது மனப்பாடம். கறிதோசைக் கடைப் பக்கமே அவன் போவதில்லை. அவள் அவனை அண்ணே என்பாள். கூரியர்காரரையும் தண்ணி கேன் போடுபவரையும் அப்படித்தான் கூப்பிடுவாள் என்பதால் அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நேரில் சொல்லப் பயம். கம்ப்யூட்டரே சொல்லட்டும் என்று தன் விவரத்தையும் அதில் ஏற்றிவிட்டுத் தேடலில் கை வைத்தான். தினமும் காலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் பொருத்தமான முதல் பெயர் தானாகப் போகும். அந்த முதல் பெயர் தன்னுடையதாக இருக்கும்படி ஒரு சின்னக் கைவேலை. ஆனால் விருப்பங்களுக்கு நடுவே 'அல்லது' என்று போட்டுத் தொலைத்தான். பட்டதாரி அல்லது மதுரை அல்லது சைவம். எந்த வீட்டில் எது ஒன்று ஒத்துப்போனாலும் அழகுபாண்டி.

'அல்லது'வை எடுத்துவிட்டு 'மற்றும்' போட்டான்.

மறுநாள் யாருக்கும் யாரும் வரவில்லை. ஒரு வரியில் ஒரு பதில்தானே இருக்கிறது, ஒரே வரி எப்படிப் பட்டதாரியாகவும் சைவமாகவும் இருக்கும்? மதுரையில் ஒருவருக்கும் ஒருவர் பொருந்தவில்லை என்று கம்ப்யூட்டர் தீர்ப்பு எழுதிவிட்டது.

"நான் கல்யாண ஆபீஸ் நடத்துறேனா, மடம் நடத்துறேனா?" என்றார் மருது. "நாளைக்கும் இப்படின்னா நீ வேற எடம் பாத்துக்க மாப்ள."

அடுத்த வைத்தியம்: ஆளுக்கு எத்தனை வரி ஒத்துப்போகிறது என்று எண்ணு, நாலு வந்தால் அனுப்பு. எழுதி முடித்தபோது தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அவனே கொஞ்சம் நெகிழ்ந்தான்.

மறுநாள் சைவம் கேட்ட எல்லா வீட்டுக்கும் உசிலம்பட்டி விருமாண்டி போயிருந்தார். மாட்டு வியாபாரி, மனைவியை இழந்தவர், பேரன் பேத்தி எடுத்தவர். 'சைவம்' என்று அமுக்கியது பதிந்ததோ இல்லையோ என்ற சந்தேகத்தில் மனுஷன் மறுபடி மறுபடி அமுக்கியிருக்கிறார். நாலு சைவம். எண்ணினால் நாலுக்கு நாலு.

வெயில் ஏறுவதற்குள் புது வேட்டியில் அவரே படியேறி வந்துவிட்டார்.

"தம்பி, காலையில இருந்து போனு நிக்கல. எம்புட்டு வீட்டுல இருந்து கூப்பிடுறாக!"

"என்ன சொல்றாங்கய்யா?"

"எல்லாம் திட்டத்தான். வெக்கமா இல்லையாங்குறாக." புது வேட்டியின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். "இருக்கட்டும். வீட்டுல ஒரு பொம்பளக் கொரல் கேட்டு எம்புட்டு நாளாச்சு."

மருது அவருக்கு டீ சொன்னார். அழகுபாண்டிக்குச் சொல்லவில்லை.

அவன் திரும்ப உட்கார்ந்தான். ஒரே கேள்விக்கு எத்தனை வரி இருந்தாலும் ஒன்றாக எண்ண வைத்தான். தன் பெயரை முதலில் நிறுத்தும் கைவேலையையும் பிடுங்கி எறிந்தான். பாண்டிமீனாவின் நாலு விருப்பத்தைக் கொடுத்துத் தேடினான். யாரும் இல்லை. தன்னுடைய வரிகளைப் பார்த்தான். கோபம் பற்றிய கேள்விக்கு அவன் பதிலே போடவில்லை. இல்லாத வரியை எப்படி எண்ணுவது? 'கோபப்படமாட்டார்' என்று ஏற்றினான். மூன்று நாளாக வாங்கிய திட்டையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்கு அது பொய்யும் அல்ல.

மறுபடி தேடினான். ஒரே பெயர். இந்த முறை நேர்மையாக வந்த பெயர்.

திரும்பி அவளைக் கூப்பிட்டான்.

"பாண்டிமீனா, ஒரு நிமிசம் வாரியா? உன் விவரத்த வச்சுத் தேடிப் பாத்தேன். சும்மா, டெஸ்டிங்குக்கு."

"இப்ப யாருண்ணே வந்திருக்கா? காலையில விருமாண்டி தாத்தா வந்தாரு. எங்கம்மா விழுந்து விழுந்து சிரிச்சுச்சு."

சிரித்துக்கொண்டே குனிந்து திரையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. கேலி செய்வாள் என்று அவன் பயந்திருந்தான். அவள் செய்யவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"நாலுக்கு நாலு," என்றான். "நான் ஒண்ணும் பண்ணல. அதுவாத்தான் வருது."

மேஜையில் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை.

"எனக்கு நிச்சயம் ஆயிருச்சுன்னு அன்னைக்கே ஒரு வரி ஏத்திட்டேண்ணே. அதுலயேதான் கெடக்கு. நீங்க கேட்ட நாலுல அது இல்ல."

"எப்ப?" என்றான்.

"வைகாசியில. ஆபீஸ்ல எல்லாருக்கும் பால்கோவா குடுத்தேன். நீங்க மட்டும் ரெண்டு தடவ வாங்கித் தின்னீங்க, எதுக்குன்னு என்னைய ஒரு வார்த்த கேக்கலையேண்ணே."