முன்வாசல் அண்ணனின் புத்தகக் கடை

வியாபாரம் நடக்கவே கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு கடை திறந்தவர் கோலார் தங்கவயலில் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் முன்வாசல் அண்ணன்தான். ராபர்ட்சன்பேட்டை பஜாரில், பனியன் கடைக்குப் பக்கத்தில் அவர் வைத்தது புத்தகக் கடை. பலகையில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இங்கிலீஷ் நான்கிலும் பெரிதாக எழுதியிருந்தது: 'ஆணை விரும்பும் ஆண்களுக்கும் பெண்ணை விரும்பும் பெண்களுக்கும் புத்தகங்கள் இங்கே கிடைக்கும்.'

பனியன் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "ணா, பொது அறிவு புத்தகம்னு போட்டுக்கங்களேன்!"

"அது பொய்யாச்சேப்பா."

அண்ணன் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், அது மூடும்வரை வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, காரணத்தை ஒளிக்கவும் இல்லை. பெண் பார்க்கட்டுமா என்று வந்த தரகரம்மாவிடம், "பொண்ணு வேணாம்மா, நல்ல மாப்பிள்ளையா இருந்தா சொல்லுங்க" என்றார். அந்தம்மா தொழில் பழக்கத்தில், "இன்னா வயசுல பாக்கணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்து ஓடினாள்.

நான் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓசிப் பேப்பருக்காக அந்தக் கடையில் உட்கார ஆரம்பித்து, பிறகு அவருக்காகவே உட்கார்ந்தேன். "ஊர்ல உங்களையும் அப்படி நெனைக்கப் போறாங்க" என்றாள் மனைவி. "இந்தத் தொப்பையையா?" என்றேன்.

கடைக்கு முன்னால் பஜார், பின்னால் குப்பை வண்டி போகிற சந்து. வந்தவர்கள் எல்லாம் சந்து வழியாகத்தான் வந்தார்கள். ஒருவராவது பட்டப்பகலில் முன்வாசல் வழியாக வர வேண்டும் என்பதுதான் அண்ணனின் ஒரே ஆசை. "நான் அண்டர்கிரவுண்ட்ல கெடந்தது போதும். சுத்திகினு முன்னால வா!" என்று விரட்டுவார். சுற்றப் போனவர்கள் அப்படியே வீட்டுக்குப் போனார்கள். கடைசியில் பின்வாசலையே செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.

பெங்களூரு வேலைக்குப் போகிற பையன் ஒருவன், ஊரிகம் ரயில்வே ஸ்டேஷனில் புத்தகத்தை ரகசியமாகக் கொடுத்துவிடுங்கள் என்று போனில் கெஞ்சினான். அண்ணன் போனார். பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி, "தம்பீ! ரெண்டு ஆம்பளைங்க காதலிக்கிற கதை கேட்டியே, வந்துருச்சு!" என்றார். பையன் பெண்கள் பெட்டியில் ஏறித் தப்பித்தான். அப்புறம் போனே வரவில்லை.

பிறகு, எதிர் ஜூஸ் கடைக்குச் சாயங்காலங்களில் இரண்டு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி டீச்சர், ஒருத்தி நர்ஸ். ஜூஸைக் குடித்தபடி எங்கள் பலகையையே பார்ப்பார்கள். சாலையைத் தாண்ட மாட்டார்கள். அண்ணன் அவர்களுக்காக இரண்டு நாற்காலி போட்டுத் துடைத்து வைத்தார்.

"போய்க் கூப்பிடுங்களேன்" என்றேன்.

"தானா வரணும்பா."

அவர்கள் வரவில்லை. கொஞ்ச நாளில் ஜூஸ் கடைக்கு வருவதும் நின்றது. அண்ணன் அந்த நாற்காலிகளில் யாரையும் உட்கார விடவில்லை, என்னைக்கூட.

சுரங்கத் தூசு அவர் நெஞ்சை விடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "பின்வாசலை அடைச்சது தப்புப்பா. எனக்கு தைரியம் வர்றதுக்கே தலை நரைச்சுப் போச்சு. சந்துல வந்த புள்ளைங்களுக்கு மட்டும் இன்னிக்கே வரணும்னு அடம் புடிச்சேன். இப்போ யார்கிட்ட போய் பேசிகினு இருக்குதுங்களோ. நீ போய் இடிச்சுடு."

"நீங்களே வந்து இடிங்க" என்றேன். சிரித்தார். ஆனால் வரவில்லை.

நான்தான் கடப்பாறையால் இடித்தேன். சுவர் லேசில் விழவில்லை. மனுஷன் மலையைத் தாங்குவதற்குக் கட்டுவதுபோலக் கட்டியிருந்தார். பாதி இடித்ததும் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆட்கள் வருகிறார்கள், புத்தகம் போகிறது. போன வாரம் சந்து வழியாக அந்த டீச்சரும் நர்ஸும் வந்தார்கள்.

"பெரியவர் இல்லீங்களா?" என்றாள் டீச்சர்.

விஷயத்தைச் சொன்னேன். நர்ஸ் அங்கேயே சுவரில் சாய்ந்துவிட்டாள். "ஒரு தபா வந்து அவர்கிட்ட பேசணும்னு சொல்லிகினே இருந்தோம்" என்றாள்.

"உங்களைப் பாத்திருந்தா, எந்த வழியா வந்தீங்கன்னுகூட கேட்டிருக்க மாட்டாரும்மா" என்று தேற்றினேன்.

பொய்தான். கட்டாயம் கேட்டிருப்பார். கேட்டுவிட்டு, அவர்களுக்கு டீ வாங்க அவரே ஓடியிருப்பார்.