முதலில் பக்கத்து வீடு

வீட்டுக்காரர் சாவியை நீட்டிக்கொண்டே நின்றார். நஷ்டம் அதை வாங்கவில்லை. அவர் கண் மதிலுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

"அந்த விரிசல் எப்பலேர்ந்து இருக்கு?"

"எந்த விரிசல்?"

"ஜன்னலுக்குக் கீழ. பக்கத்து வீட்டுல."

"அது பக்கத்து வீடு சார். நீங்க குடிவரப் போறது இந்த வீடு."

"வீட்ட எவன் வேணும்னாலும் பார்ப்பான். நான் முதல்ல பக்கத்து வீட்டத்தான் பார்ப்பேன்."

கூட வந்த வீட்டுத் தரகர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். காலையிலிருந்து இது அவருக்கு நான்காவது வீடு.

நஷ்டத்துக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளச் சீட்டோடு சரி. காப்பீட்டுக் கம்பெனியில் அவர் நஷ்ட மதிப்பீட்டாளர். கடை எரிந்தால், கார் வெள்ளத்தில் முங்கினால், கூரை பறந்தால், முதலில் போய் நிற்கிற ஆள். எரிந்த கடையின் சொந்தக்காரன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும்போது, "அந்த ஒயர நீங்க போன வருஷமே மாத்தியிருக்கணும்" என்று சொல்லக் கூசாதவர். அவர் படியேறும் சத்தம் கேட்டாலே ஆபீஸில் "நஷ்டம் வருது" என்பார்கள். அதை அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

ஆபீஸோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. சாயங்காலம் முகம் கழுவியதும் கையில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கம் கிளம்பிவிடுவார். உங்கள் காஸ் டியூபில் வெடிப்பு விட்டிருக்கிறது, உங்கள் மாடிப்படிக் கைப்பிடி ஆடுகிறது, இதே மாதிரி ஆடிய கைப்பிடியால் ஒரு குடும்பமே என்ன ஆயிற்று தெரியுமா என்று உட்கார்ந்து சொல்வார். எல்லாம் இலவசம். இதனாலேயே போன ஊரில் மூன்று வீடு மாறினார்கள். அதற்கு முந்தின ஊரில் எத்தனை வீடு என்று அவர் மனைவி எண்ணுவதையே விட்டுவிட்டாள்.

இப்போது தலைமை ஆபீஸுக்கு மாற்றல் வந்திருந்தது. கம்பெனி விடுதியில் மாதக் கடைசி வரைதான் இடம். அதற்குள் ஒரு நல்ல பகுதியாகப் பார்த்து வீடு பிடித்துக் குடும்பத்தை அழைத்துவர வேண்டும். கிளம்பும்போது மனைவி வாசலில் நின்று ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள்.

"ஏங்க, இதான் கடைசி. அங்கயும் பக்கத்து வீட்டுக்காரங்களோட தகராறுன்னு வந்து நின்னீங்கன்னா, நான் எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன். ஒரு பெட்டியப் பிரிக்காமலே வச்சிருப்பேன், பார்த்துக்குங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்கிற ரகம் இல்லை. சொன்னால் செய்துவிடுவாள். அவள் இல்லாமல் நஷ்டத்துக்கு ஒரு சட்டைப் பொத்தான் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அதைவிட, ராத்திரி சாப்பிடும்போது அன்றைய தீ விபத்தை யாரிடம் சொல்வது? இத்தனை வருஷமாக "ம்" கொட்டிக்கொண்டு கேட்டவள் அவள் ஒருத்திதான்.

இல்லை, இன்னொருவரும் இருந்தார். போன ஊரில் கடைசியாகக் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கணக்கு வாத்தியார். தங்கமான மனுஷன்! நஷ்டம் இரண்டு மணி நேரம் பேசினாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். பாவம், சின்னப் பெண் இருக்கிற வீடு, அங்கேதான் வயரிங் சரியில்லை. பொழுது சாய்ந்தால் அவர் வீட்டுக்கு மட்டும் அடிக்கடி கரண்ட் போய்விடும். நஷ்டம் டார்ச்சோடு போய் இருட்டில் நின்று குரல் கொடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்புவார். போன வருஷம் வாத்தியார் திடீரென்று வேறு எங்கோ வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டார். அவசரத்தில் விலாசம் தர மறந்துவிட்டார். போன் நம்பரும் மாறிப்போனது. அந்த மாதிரி ஒரு பக்கத்து வீடு அமைந்துவிட்டால் மனைவியின் பெட்டி தானாகப் பிரிந்துவிடும் என்று நஷ்டம் நம்பினார்.

"சார், சாவி" என்றார் வீட்டுக்காரர் மறுபடியும்.

நல்ல வீடு. ஆபீஸ் நடந்து போகிற தூரம். அதே நேரம் பார்த்தா பக்கத்து வீட்டு அம்மாள் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வரவேண்டும்?

"ஹ்ஹும்" என்று நஷ்டம் தொண்டையைச் செருமினார். "அம்மா, பயப்படாதீங்க. ஜன்னலுக்குக் கீழ ஒரு விரிசல் இருக்கு பாருங்க. இதே மாதிரி விரிசல் விட்ட வீடு ஒண்ணு போன வருஷம் ராவோட ராவா உக்காந்துருச்சு. உள்ள தூங்கிக்கிட்டு இருந்தவங்க..."

"இருந்தவங்க?" என்றாள் அந்த அம்மாள்.

"வேண்டாம், விடுங்க. செடிக்குத் தண்ணி ஊத்துற நேரத்துல எதுக்கு?"

அந்த அம்மாள் தண்ணீர்க் குடத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். உள்ளேயிருந்து ஒரு அழுகைச் சத்தம், பிறகு பனியன் போட்ட ஓர் ஆள்.

"மச்சான்!" என்று அந்த ஆள் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினார். "யாரு இவன்? உங்க தங்கச்சி அங்க படபடன்னு வருதுன்னு படுத்துட்டா!"

வீட்டுக்காரர் நீட்டிய சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது காரில் தரகர் மெதுவாகக் கேட்டார். "சார், நீங்க வாயத் திறக்காம வீடு பார்க்க முடியாதா?"

நஷ்டம் யோசித்தார். சொன்னதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. பேசினால்தானே வம்பு? பேசாமல் பார்த்துவிட்டு வந்தால்?

அடுத்த பகுதி பாலத்துக்கு அந்தப் பக்கம். ஆபீஸுக்கு ஒரு பஸ் மாற வேண்டும். வீடு பிடித்திருந்தது. வாடகை படிந்தது. "நாளைக்குச் சொல்றேன்" என்று விடைபெற்றுக்கொண்ட நஷ்டம், இருட்டத் தொடங்கியதும் தனியாகத் திரும்பி வந்தார். வாய் திறக்கவில்லை. சொன்ன சொல் தவறாத மனுஷன். பக்கத்து வீட்டு மதில்மேல் எக்கி, காஸ் சிலிண்டர் வைத்திருக்கும் இடத்துக்கு டார்ச் அடித்துப் பார்த்தார். அவ்வளவுதான்.

"திருடன்! திருடன்!"

தெருவே திரண்டுவிட்டது. ஒருவர் அவர் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். இன்னொருவர் துடைப்பக்கட்டையோடு நின்றார். ஒரு பெண் பளிச்பளிச்சென்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். போன் போட்டு வரவழைத்த தரகர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"விடுங்க, விடுங்க! இவரு திருடன் இல்லீங்க. இன்சூரன்ஸ் கம்பெனி ஆளு!"

காலரைப் பிடித்திருந்தவர் கையை எடுத்தார்.

"இன்சூரன்ஸா? ஐயையோ, பாலிசி எடுக்கச் சொல்லுவான்யா!"

படபடவென்று கதவுகள் சாத்திக்கொண்டன. துடைப்பக்கட்டைக்காரர் துடைப்பத்தைப் போட்டுவிட்டே ஓடினார். திருடன் என்றபோது வெளியே வந்த தெரு, இதைக் கேட்டதும் உள்ளே போய்விட்டது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் காலை தரகர் தன் போனை நஷ்டத்தின் மூக்குக்கு நேரே நீட்டினார். மதில்மேல் தொங்கியபடி, கையில் டார்ச்சோடு, வாயைப் பிளந்துகொண்டிருக்கும் நஷ்டம். கீழே எழுதியிருந்தது: 'இந்த ஆள் வீடு கேட்டு வந்தால் உஷார்.'

"எந்த குரூப்புல வந்துச்சு?"

"எந்த குரூப்புல வரலைன்னு கேளுங்க சார். பாலத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஏரியா ஏரியாவாப் போய்க்கிட்டு இருக்கு. எங்க வீட்டுக்காரி எனக்கே அனுப்பிட்டா. ஜாக்கிரதையா இருங்கன்னு."

அன்று மத்தியானம் மனைவி போன் செய்தாள். "என்னங்க, வீடு ஆச்சா?"

"ஆயிட்டு இருக்கு. நிறையப் பேருக்கு என்னைப் பத்தித் தெரிய ஆரம்பிச்சிருக்கு."

"அதான் எனக்கு பயமே" என்றாள் அவள். "லாரிக்குச் சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை சாமான் ஏத்துறோம். வீடு இருக்கோ இல்லையோ வந்து இறங்கிடுவேன்."

நஷ்டம் தரகரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எப்படியாவது ஒரு வீடு பாருப்பா. தூரமானாலும் சரி. எம் பொண்டாட்டி போயிடுவா."

தரகருக்கும் குடும்பம் இருந்தது. மனம் இளகிவிட்டது.

"ஒரு இடம் இருக்கு சார். ஊர்க்கோடி. பஸ்ஸே அங்க போய்த் திரும்பி நின்னுக்கும். அதுக்கப்புறம் ரோடு கிடையாது. மொத்தமே நாலஞ்சு வீடு. அதனால குரூப்பும் கிடையாது. ஆனா ஒரு கண்டிஷன். கார்லேர்ந்து இறங்கக் கூடாது. கண்ணாடிய இறக்கக் கூடாது. டார்ச்ச எங்கிட்டக் குடுத்துடணும்."

போகப் போக ஊர் குறைந்துகொண்டே வந்தது. கடைகள் நின்றன, பிறகு தெருவிளக்குகள் நின்றன. நஷ்டம் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தார். இரண்டு வீடுகள், நடுவே இடுப்பளவு மதில். வாடகைக்கு வந்த வீட்டை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

பக்கத்து வீடு பூட்டியிருந்தது. எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருக்கும் நேரம். ஆனால் மதிப்பீட்டாளர் கண்ணுக்கு மனிதர் எதற்கு? வாசல் சுத்தமாக இருந்தது. செருப்புகளை வெளியே போடாமல் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள். அழைப்பு மணியைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையைப் பூசியிருந்தார்கள். ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் கனமான திரை. கதவில் வெளியே பார்க்க ஒரு கண்ணாடித் துளை.

"அடடா!" என்றார் நஷ்டம். "எவ்வளவு முன்ஜாக்கிரதை! இப்படி ஒரு குடும்பத்த நான் சர்வீஸ்லயே பார்த்ததில்ல. யாரு இருக்காங்க?"

"ஒரு வருஷமா இருக்காங்க சார். புருஷன், பொண்டாட்டி, ஒரு சின்னப் பொண்ணு. இருக்கிற இடம் தெரியாது. அமைதியான இடம்தான் வேணும்னு இவ்வளவு தூரம் தேடி வந்தவங்க."

"நம்மள மாதிரியே!"

அன்று சாயங்காலமே ஒப்பந்தத்தில் கையெழுத்தாயிற்று. இரண்டு வருஷத்துக்கு இந்தப் பக்கமும் காலி செய்யக்கூடாது, அந்தப் பக்கமும் காலி செய்யச் சொல்லக்கூடாது என்று எழுதச் சொல்லி நஷ்டமே வற்புறுத்தினார். தரகர் டார்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கமிஷனை எண்ணாமலேயே கிளம்பிப் போனார்.

லாரி வந்து சாமான் இறங்கியது. மனைவி பஸ் திரும்புகிற இடத்தைப் பார்த்தாள், ரோடு முடிகிற இடத்தைப் பார்த்தாள்.

"இங்கேர்ந்து ஆபீஸுக்கு எப்பக் கிளம்புவீங்க?"

"கோழி கூவுறதுக்குள்ள கிளம்பிட்டா சரியா இருக்கும்."

"எப்பத் திரும்புவீங்க?"

"அதெல்லாம் விடு. பக்கத்து வீட்டப் பாரு. அந்த வாத்தியாருக்கு அப்புறம் எனக்கு மனசுக்குப் பிடிச்ச பக்கத்து வீடு இதுதான்."

அவள் பாத்திரங்களைப் பிரித்தாள், துணிகளை அடுக்கினாள். ஒரு பெட்டியை மட்டும் கதவோரம் நிறுத்திவைத்தாள். நஷ்டம் அதைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

"சத்தியமா ஒண்ணும் சொல்லமாட்டேன். வணக்கம்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். புதுசா வந்துட்டு எட்டிப் பார்க்காம இருந்தா மரியாதையா இருக்குமா?"

"ஒரே ஒரு வார்த்தை" என்றாள் அவள். "அவங்க சிரிச்ச முகமாப் பேசினாங்கன்னா நான் வந்து இந்தப் பெட்டியப் பிரிக்கிறேன்."

இருட்டிவிட்டிருந்தது. பக்கத்து வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. திரைகளை விலக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே தட்டுச் சத்தம், ஒரு பெண் சிரிக்கிற சத்தம், ஒரு ஆள் கணீரென்று பாடுகிற சத்தம். பயமோ கவலையோ இல்லாத குடும்பம் என்று கேட்டவுடனே தெரிந்தது. நஷ்டத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மனைவி தங்கள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்தார். கேட் கிரீச்சிட்டது. கீலுக்கு எண்ணெய் விடவில்லை என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். படி இருட்டாக இருந்ததால் டார்ச்சைப் போட்டார். பழக்கதோஷம், தொண்டையையும் ஒரு தடவை செருமினார்.

"ஹ்ஹும்!"

பாட்டு பாதியில் நின்றது. கதவின் கண்ணாடித் துளை ஒரு நொடி கறுத்தது. உள்ளே ஒரு நாற்காலியிலிருந்து யாரோ தொப்பென்று குதிக்கும் சத்தமும், பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரலும் கேட்டன.

"அப்பா! லைட்ட அணைங்க, எல்லாரும் கீழ உக்காருங்க! டார்ச் மாமா இங்கயும் வந்துட்டாரு!"