மொக்கையன் வயிற்றில் ஒரு கைராசி

ஒரு காட்டில் ஒரு நண்டு டாக்டராக இருந்தது. என்ன படிப்பு, எங்கே படித்தது என்று யாரும் கேட்டதில்லை. "கைராசிக்காரர்" என்று காடே சொன்னது. காடே சொன்ன பிறகு பட்டம் எதற்கு? ஓடைக் கரையில் ஆஸ்பத்திரி, வாசலில் டோக்கன், உள்ளே வெள்ளைக் கோட்டு, கோட்டுக்குள் இரண்டு கொடுக்கு.

மொக்கையன் என்ற காட்டுப்பன்றிக்கு வயிற்றில் கட்டி. அவன் பெண்டாட்டி சடச்சி விடியுமுன்னே டோக்கன் வாங்கி ஆபரேஷனுக்குச் சேர்த்தாள். கட்டி போனது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் மொக்கையன் தரையில் விழுந்து புரண்டான்.

"உள்ள யாரோ கிள்றாங்க, புள்ள!"

சடச்சி ஓடினாள். நண்டின் கோட்டில் ஒரு கைப்பக்கம் வெறுமனே தொங்கியது.

"டாக்டரய்யா, உங்க இன்னொரு கை எங்க?"

"கைராசி டாக்டர்னுதானம்மா தேடி வந்தீங்க?" நண்டு சிரித்தது. "மத்தவங்களுக்கு ராசி மட்டும்தான் குடுப்பேன். உங்க வீட்டுக்காரருக்குக் கையையே குடுத்து அனுப்பியிருக்கேன்."

அடப்பாவி! சடச்சி அங்கிருந்து கொக்கு டாக்டரிடம் போனாள். "இன்னொரு டாக்டர் கை வச்ச வயித்துல நான் கை வைக்க மாட்டேன். எடுக்கச் சொல்லி கோர்ட்டு உத்தரவு வாங்கிட்டு வா" என்றது கொக்கு.

இலவச சட்ட உதவி மையத்தில் வக்கீல் ஓணான் உட்கார்ந்திருந்தார். "அவரு தூங்கி எத்தனையோ நாளாச்சுங்கய்யா" என்றாள் சடச்சி. ஓணான் தலையை ஆட்டினார். "அந்தக் கொடுக்க வெளிய எடுத்தாப் போதுங்கய்யா." அதற்கும் ஆட்டினார். போன இடமெல்லாம் விரட்டியடித்தபோது, இந்த ஒருத்தராவது காது கொடுத்துக் கேட்கிறாரே என்று அவள் அங்கேயே அழுதுவிட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டது, பாவம், அவளுக்குத் தெரியவில்லை.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். அந்தக் காட்டில் ஆமை கோர்ட்டுக்குள்ளேயே புகுந்து நீதிபதியாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு நரி வக்கீல்.

நரி ஓணானைப் பார்த்துக் கேட்டது: "வயித்துல இருக்கறது ராசியான கைதானே?"

ஓணான் தலையை ஆட்டினார்.

"எடுத்தா ராசி போயிடும்னு ஒத்துக்கறீங்க?"

பலமாக ஆட்டினார்.

சடச்சி துள்ளி எழுந்தாள். "ஐயா, அவரு ஒத்துக்கலை! அவரு தலையே அப்படித்தான் ஆடும்!"

"அப்படியா வக்கீலே?" என்றது ஆமை.

ஓணான் தலையை ஆட்டினார்.

ஆமைக்குத் தலை சுற்றியது. இதை ஆமாம் என்று எடுத்தால், அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தமே இல்லை என்றாகிறது. அர்த்தமே இல்லையென்றால், இதை ஆமாம் என்று எப்படி எடுப்பது? "இது தெளிவாகும்வரைக்கும் கொடுக்கு சாட்சிப் பொருள். யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அந்தக் கோர்ட்டில் அதற்கு வாய்தா என்று பெயர்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. மொக்கையன் எலும்பும் தோலுமாகி, ஸ்ட்ரெச்சரில் கோர்ட்டுக்கு வந்தான். எதிரே வந்து நின்ற நண்டுக்கோ புதுக் கொடுக்கே முளைத்துவிட்டது. நண்டுக்கு முளைக்கும் ஐயா, நம்பாவிட்டால் ஓடையில் போய்ப் பாருங்கள்.

ஆமை தலையை நீட்டித் தீர்ப்புச் சொன்னது. "டாக்டருக்குக் கை ரெண்டு. ரெண்டும் இருக்கு. ஆகவே எதுவும் தொலையவில்லை. வயிற்றுக்குள் எது இருக்கிறதோ, அது வயிற்றுக்காரருக்கே சொந்தம். அதை வெளியே எடுக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது."

சடச்சிக்கு வயிறு எரிந்தது. புருஷனின் ஒட்டிய வயிற்றைப் பார்த்துவிட்டு ஆமை பக்கம் திரும்பினாள்.

"ஐயா, வயித்துக்குள்ள எது இருந்தாலுமா?"

"எது இருந்தாலும்."

ஓணானும் தலையை ஆட்டினார். அன்றைக்குத்தான் அந்தத் தலையாட்டல் அவளுக்கு உதவியது.

சடச்சி நண்டைக் கோட்டோடு கவ்வி மொக்கையன் வாயில் போட்டாள். "போய் உங்க கைய நீங்களே எடுத்துக்கங்க டாக்டரய்யா!" பல நாள் பட்டினி கிடந்தவன், 'களுக்'கென்று விழுங்கிவிட்டான்.

"ஐயோ, டாக்டர் எங்கே?" என்று நரி அலறியது.

"வயித்துக்குள்ள இருக்காருங்க. எங்களுக்குச் சொந்தம். வெளிய எடுக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாதாம், ஐயாதான் சொன்னாங்க."

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"இப்ப எப்படிய்யா இருக்கு?" என்று சடச்சி புருஷன் வயிற்றைத் தடவினாள்.

மொக்கையன் பெரிதாக ஏப்பம் விட்டான். "கிள்ளத்தான் கிள்ளுது, புள்ள. ஆனா மனசு குளுந்துபோச்சு."

மறுநாள் சட்ட உதவி மையத்தில் நண்டின் பெண்டாட்டி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

நீதி: டாக்டர் உங்கள் வயிற்றுக்குள் எதையாவது விட்டுவிட்டால் மனம் தளராதீர்கள், மிச்சத்தையும் வாங்கி விழுங்கிவிடுங்கள்.