குருவம்மாவின் தாடைக்கட்டி

ஒரு காட்டில், புல் பூண்டெல்லாம் கருகி, சுற்றறிக்கை மட்டும் தளதளவென்று முளைத்த ஒரு கோடையில், குருவம்மா என்றொரு வெள்ளாடு இருந்தாள். இரட்டைக் குட்டி ஈன்ற பச்சை உடம்புக்காரி. அவள் தின்றால்தானே மடியில் பால் ஊறும்!

காட்டின் தீவனக் கிடங்கில் அகத்தித்தழை கூரை தொட நின்றது. ஆனால் தோலுக்கு அடியில் அடையாளச் சிப் வைத்திருப்பவர்களுக்குத்தான் தழை என்று உத்தரவு. சிப் இன்னும் டவுனிலிருந்து வந்து சேரவில்லை. அதனால் வரிசை மட்டும் தவறாமல் நின்றது.

பசி பொறுக்காமல் குருவம்மா கருவேலம் புதருக்குள் தலையை விட்டாள். தாடையில் முள் ஏறியது. நாலே நாளில் அந்த இடம் எலுமிச்சம்பழமாக வீங்கி, தொட்டால் சுட்டது. வீங்கிய தாடையோடே வரிசையில் போய் நின்றாள்.

கிடங்கு குமாஸ்தா ஓணான். எதற்கெடுத்தாலும் தலையை ஆட்டுவார். அதைச் சம்மதம் என்று நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். அன்று அவர் குருவம்மாவின் தாடையை அமுக்கிப் பார்த்தார்.

"அட, தட்டுப்படுதே! சூடா வேற இருக்கு. ஓடிக்கிட்டிருக்கிற சிப்புதான். ஏம்மா, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

ஒரு கட்டுத் தழை கிடைத்தது. குருவம்மா வாயைத் திறக்கவில்லை. வலியில் திறக்கவும் முடியவில்லை.

"மதினிக்கு வந்த வாழ்வைப் பாருங்கடி!" என்றாள் பின்னால் நின்ற செம்மறி பேச்சி.

தினமும் ஒரு கட்டு வந்தது. ஆனால் மெல்ல முடிந்தால்தானே? காய்ச்சல் வேறு. பால் வற்ற, குட்டிகள் கத்தின. குருவம்மா குட்டிகளோடு கொக்கு டாக்டரிடம் ஓடினாள்.

"முள்ளோட போன கிருமியால உள்ளே சீழ் கோத்திருக்கு. இன்னைக்கே கீறணும். விட்டா ரத்தத்துல ஏறிடும்."

"கீறினா தழை போயிடுமே, டாக்டர்!"

"கீறாட்டி நீயே போயிடுவே."

குருவம்மா குட்டிகளைப் பார்த்தாள்.

"கீறுங்க. அப்படியே ஒரு சீட்டும் எழுதிக் குடுத்துடுங்க."

ஒரே கொத்து. சீழ் மொத்தமும் வெளியே வந்தது. புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, ஊசியும் போட்டுவிட்டு டாக்டர் எழுதினார்: 'தோலுக்கு அடியில் இருந்தது முறைப்படி அகற்றப்பட்டது.' கீழே முத்திரை.

காய்ச்சல் விட்டதும் கிடங்குக்குப் போனாள். ஓணான் தாடையைத் தடவினார்.

"எங்கேம்மா சிப்பு?"

குருவம்மா சீட்டை நீட்டினாள். அவர் மூன்று தடவை படித்தார்.

"அகற்றியாச்சுன்னா, இருந்திருக்கு. இருந்ததுக்கு முத்திரையும் இருக்கு. சிப்பு வச்சிருக்கிறவங்கதான் தினமும் தாடையைக் காட்டணும். சீட்டு வச்சிருக்கிறவங்க சும்மா வந்து வாங்கிக்கலாம்!"

தலையை ஆட்டினார். இந்த முறை நிஜமாகவே சம்மதம். இரண்டு கட்டு.

சாயங்காலம் குருவம்மா அசைபோட்டபடி படுத்திருக்க, குட்டிகள் மடியை முட்டி முட்டிக் குடித்தன. எதிரே கருவேலம் புதர் முன்னால் புதிதாக ஒரு நீண்ட வரிசை. முதல் ஆளாகப் பேச்சி, தாடையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

நீதி: உடம்பில் கட்டி இருந்தால் ஆபத்து, இல்லாவிட்டால் பட்டினி, இருந்து போனதற்கு முத்திரை போட்ட சீட்டு இருந்தால் மட்டுமே பரம சௌக்கியம்.