தாய்மார்கள் திருப்தியாக உள்ளனர்

கேள்வி கேட்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களில் பெற்றோரை மிஞ்ச ஆளில்லை. "சாப்பிட்டியா? படிச்சியா? பல் தேய்ச்சியா?" என்று நாள் முழுக்கக் கேட்டு, எல்லாவற்றுக்கும் "ம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு, குழந்தையோடு மனம்விட்டுப் பேசிய திருப்தியில் தூங்கப் போகிறோம். ஆம்பூரில் அந்தப் புதன்கிழமை வரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் தெருப் பெண்கள் பள்ளியில் ஐந்தாவதுக்கு மேல் வகுப்பு கிடையாது. என் மகள் வசந்தா அந்த வருடம் ஐந்தாவது. மேலே படிக்க ரயிலேறி வேலூருக்குப் போக வேண்டும். தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கெழுதும் என் கணவர், "பொட்டப்புள்ளய ரயிலேத்தி அனுப்பறதா? இங்க ஸ்கூல் இருந்தா படிக்கட்டும், இல்லன்னா வூட்ல இருக்கட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மேல்முறையீடு கிடையாது.

ஆறாம் வகுப்பு கேட்டு மனுக் கொடுத்தோம். கல்வி இலாகாவிலிருந்து ஓர் ஆபீசரம்மா வந்து, தாய்மார்கள் பேசுவதை நேரில் கேட்டு முடிவு செய்வார் என்று பதில் வந்தது. பேச்சை நடத்திக் கொடுக்க ஒருத்தி வேண்டும். பத்தாவது வரை படித்தவள் (அதை ஊருக்கே ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தவள்) நான்தான்.

ஒரு வாரம் அடித்து அடித்துக் கேள்வி எழுதினேன். "தங்கள் புதல்வியரின் கல்வி முன்னேற்றத்துக்குத் தடையாக உள்ள குறைகள் யாவை?" வாசித்துக் காட்டியபோது கணவர், "இத்த எழுந்து நின்னு கேக்கணுமா, குந்தினே கேக்கலாமா?" என்றார்.

அந்தப் புதன்கிழமை பள்ளியில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். ஆபீசரம்மா மட்டும் நாற்காலியில். மடியில் நோட்டு, பக்கத்தில் என் வீட்டு வடை.

முதல் கேள்வியை முழங்கினேன். எல்லோரும் வடைத் தட்டைப் பார்த்தார்கள். சரி, இறங்கி வந்தேன்: "நம்ம ஸ்கூல்ல இன்னா கொறை?"

குழாயடியில் வாய் திறந்தால் தெருவையே அடக்கும் அடுத்த வீட்டு ரோசம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "ஒரு கொறையும் இல்லக்கா."

நூருன்னிசா முக்காட்டைச் சரிசெய்தாள். "அல்லா புண்ணியத்துல ஒரு கொறையும் இல்ல."

வட்டம் முழுக்க யாருக்கும் ஒரு குறையும் இல்லை. எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். வெளியூர் மனுஷி வந்து உட்கார்ந்து பலகாரம் சாப்பிடும்போது எங்கள் பக்கத்தில் யார் குறை சொல்வார்கள்? பெண் பார்க்க வந்தவர்களிடம் கூரை ஒழுகுகிறது என்று சொல்வோமா? நான் அதைத்தான் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

ஆபீசரம்மா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "தாய்மார்கள் திருப்தியாக உள்ளனர்."

"ஆறாவது இல்லாதது கஷ்டமாத்தானே இருக்குது? இல்லையா?" என்று கேட்டு, கண்ணையும் காட்டினேன். நூருன்னிசாவுக்குப் புரிந்துவிட்டது. "ஆமாக்கா" என்றாள். அவளுக்கு அடுத்தவள், "ஆமாக்கா." அதற்கு அடுத்தவளும் "ஆமாக்கா." தாம்பூலத் தட்டு மாதிரி அது ஒரு சுற்று வந்து என்னிடமே சேர்ந்தது.

"இதை நீங்கள்தான் சொன்னீர்கள். அவர்கள் சொல்லவில்லையே" என்றார் ஆபீசரம்மா.

பதற்றத்தில் எனக்குக் குரல் ஏறியது. "ஏன் பொண்ணுங்கள மேல படிக்க அனுப்ப மாட்டேன்றீங்க? ஏன்?"

"இன்னாக்கா, போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கற மாதிரி கேக்கற?" ரோசம்மா சீறினாள். "நாங்க இன்னா தப்பு பண்ணிட்டோம்?"

ஆபீசரம்மா பேனாவை மூடினார். அந்த 'டக்' சத்தத்தில் வசந்தாவின் படிப்பும் மூடிக்கொண்டதாகவே எனக்குப் பட்டது. எல்லாம் போச்சு. ரோசம்மாவையாவது சமாதானப்படுத்தலாம் என்று, குழாயடியில் கேட்பதைக் கேட்டுவைத்தேன்: "சரி விடு. இன்னிக்கு வூட்ல இன்னா சமையல்?"

"யாரு கண்டா? எம் பொண்ணத்தான் கேக்கணும். அஞ்சாவது முடிச்சிட்டு வூட்லதானே குந்தினு இருக்குது? நான் ஷாப்புக்குப் போய்டறேன், அதான் ஒல வெக்குது."

"எங்க வூட்லயும் சல்மாதான்" என்றாள் நூருன்னிசா. "கணக்குல புலி அவ. இப்ப அரிசி ஜாஸ்தியா, உப்பு கம்மியான்னு கணக்கு போட்னு இருக்கா."

அவ்வளவுதான், ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். எந்த வீட்டை எடுத்தாலும் அடுப்படியில் ஐந்தாவது முடித்த ஒரு பெண் இருந்தாள். பேனா மறுபடி திறந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். (அங்கேயே எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம்.)

"எங்கள மட்டும் இன்னாத்துக்கு சொல்றது?" என்றாள் ரோசம்மா. "இந்த வடையே அக்கா பொண்ணு சுட்டதுதான். வசந்தா காலைலேர்ந்து அடுப்பாண்டதான் இருக்குது. இன்னிக்கு ஸ்கூலுக்கே வரலையே!"

ஆபீசரம்மாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. "எந்த வகுப்பு?"

"அஞ்சாவது" என்றேன். மகள் படிக்க வேண்டும் என்று போராடுவதற்காக மகளின் படிப்பை நிறுத்தி வடை சுட வைத்த தாய் என்னைத் தவிர இந்த ஜில்லாவில் இருந்திருக்க மாட்டாள்.

அவர் வடையைத் தின்று முடித்தார். பிறகு வெகுநேரம் எழுதினார். இந்த முறை வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஜூன் மாதம் ஆறாம் வகுப்பு வந்தது. யார் வீட்டுக் கதையால் வந்தது என்று விசாரிக்க எனக்கு இன்னமும் தைரியமில்லை.

இப்போது வசந்தா வேலூரில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படிக்கிறாள். ரயிலேற்றிவிடுவது அதே அப்பாதான். அவள் இளைத்து வரும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பொறுக்காது. "ஹாஸ்டல்ல ஏதாவது கொறையா?" என்று கேட்டுவிடுவேன்.

"தாய்மார்கள் திருப்தியாக உள்ளனர்" என்பாள். அவள் அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார்.

போன மாதம் உஷாரானேன். கதவைத் திறந்ததும், "நேத்து ராத்திரி இன்னாம்மா சாப்பிட்ட?" என்றேன்.

வசந்தா மூக்கை உறிஞ்சி வாசனை பிடித்தாள். "அத்த அப்புறம் சொல்றேன். நான் வர்றேன்னு இன்னிக்கு யார வடை சுட வெச்சிருக்க?"

சமையலறையிலிருந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் அப்பா தலையை நீட்டினார். "எண்ணெ காஞ்சிடுச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"