பல் சொன்ன கல்லூரி

பாறசாலை ரயில் நிலையத்தில்கூட அப்படி ஒரு கூட்டம் நின்று நான் பார்த்ததில்லை. காலை ஏழு மணிக்கே வெள்ளறடை பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வருவார்கள். காட்டாக்கடையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தவர்களும் உண்டு. எல்லாருக்கும் ஒரே கேள்விதான்.

"பல்வாக்கு பொன்னையனுக்க வீடு எங்க?"

வழி சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. என் கடை அவர் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற கடை.

பொன்னையன் முன்பு பல்செட் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் அவருக்கு ஞானம் வந்துவிட்டதாம். நுழைவுத் தேர்வு எழுதி, இரண்டு ஊரில் பல் மருத்துவக் கல்லூரி கிடைத்து, எதில் சேர்வது என்று திண்டாடும் பிள்ளைகளுக்கு வழி காட்டத் தொடங்கினார். ஒரு பல்லை நூலில் கட்டித் தொங்கவிடுவார். கீழே இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் ஒரு ஊரின் பெயர். பல் எந்தத் தாள் பக்கம் ஆடுகிறதோ அந்த ஊருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பல் டாக்டர் ஆகப்போகிறவருக்குப் பல்லே புத்தி சொல்கிறது. என்ன பொருத்தம், பாருங்கள்!

பிள்ளையின் பால்பல்தான் வேண்டும் என்பார் முதலில். இந்தப் பக்கத்தில் விழுந்த பால்பல்லைக் கூரைமேல் எறியாத வீடு உண்டா? அது அவருக்குத் தெரியாதா? "பால்பல்லு இல்லியா? செரி, பெத்தவளுக்க பல்லு போதும்" என்று கருணையோடு இறங்கி வருவார். கருணை இறங்கியதும் குறடு வெளியே வரும். ஆட்டம் காணாத, கெட்டியான, நல்ல பல்லாக இருக்க வேண்டும் என்பது விதி. கன்னத்தில் பஞ்சை அடைத்துக்கொண்டு, வலியிலும் பெருமையாகச் சிரிக்க முயன்றபடி எத்தனை தாய்மார்கள் என் கடைப் படியேறினார்கள்!

பொன்னையன் மேசைமேல் சிலுவையும் இருக்கும், குத்துவிளக்கும் இருக்கும். சபைக் கமிட்டிக்காரரும் கோயில் கமிட்டிக்காரரும் ஒரே பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். ஏமாறுவதில் மட்டும் நம் ஆட்களுக்குள் எந்த வேற்றுமையும் கிடையாது.

பல் யாருடையதாக இருந்தாலும் சேலத்துப் பக்கமே ஆடியது. இந்த சீசனில் டோக்கன் கிடைத்து வாக்குக் கேட்ட பதினோரு பேருக்கும் சேலம். அங்கே, பணம் கட்டினால் யாருக்கும் சீட்டுத் தருகிற ஒரு தனியார் கல்லூரிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஆபீஸ் பொன்னையன் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தது. நடத்துகிறவன் அவர் மைத்துனன் சிவதாணு. வாக்குக் கேட்டவர் அப்படியே நாலு எட்டு வைத்தால் கையெழுத்துப் போடப் பேனா தயார். இது ஊருக்கே தெரியும். தெரிந்தும் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு மட்டும் என்ன தோன்றியது? மற்ற சீட்டை வேண்டாமென்று எழுதிக் கொடுக்க என் கடைக்குத்தானே வந்தார்கள், வாயை மூடிக்கொண்டு கம்ப்யூட்டரைத் தட்டினேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெல்டிங் பட்டறை ராஜதாஸின் மகள் சுமிக்குக் கோட்டயத்தில் அரசுக் கல்லூரி கிடைத்தது. மார்க் வாங்கிக் கிடைத்த இடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் 'சேர்கிறேன்' என்று பதிய வேண்டும், இல்லாவிட்டால் போய்விடும். சேலத்துக்குப் போவதென்றால் வீட்டோடு கிடக்கிற ரப்பர் தோட்டத்தை விற்க வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? ராஜதாஸ் பொன்னையனிடம் டோக்கன் எடுத்துவிட்டார்.

"கோட்டயம் நல்லதுண்ணு நாம நெனச்சா போருமா? பல்லு சொல்லணும்" என்றாராம் வீட்டில்.

"அதுக்கு அம்மைக்க பல்லைப் பிடுங்கணுமா அப்பா? நல்ல பல்லைப் பிடுங்கிப்போட்டுப் பல்லு வைத்தியம் படிக்கப் போறதா?" என்று சுமி கத்தியிருக்கிறாள்.

சுகிர்தபாய் மகளை அடக்கியிருக்கிறாள். "விடு மக்கா. எனக்க ஒரு பல்லு போனா என்ன? நீ நல்லா இருந்தா போரும்."

இதைச் சொல்லும்போது சுமிக்குக் கண் கலங்கியது. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என் கடையில் நின்றுதான் சொன்னாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரெண்டு காக்கிக் கவர் தாருங்க அண்ணா. ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும்" என்றாள். எனக்குள் ஏதோ குறுகுறுத்தது. கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன்.

பொன்னையன் வீட்டுக்குள்ளே ராஜதாஸ் கைகட்டி நின்றார். பக்கத்தில் சுகிர்தபாய், கன்னம் பஞ்சால் உப்பியிருந்தது.

"நெய்யாற்றின்கரையில டாக்டர்ட்ட காட்டி எடுத்தாச்சு மாமா" என்று சுமி பொன்னையனிடம் ஒரு பஞ்சுப் பொதியை நீட்டினாள்.

ராஜதாஸ் மனைவியைத் திகைத்துப் பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லியே!" சுகிர்தபாய் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

பொன்னையன் பஞ்சைப் பிரிக்கவில்லை. அப்படியே பட்டுநூலில் கட்டுவதுதான் அவர் முறை. தாள்களைப் பார்த்துவிட்டு, நூலைப் பிடித்துக் கண்ணை மூடினார்.

"பெத்த வயிறாக்கும் இது. பிள்ளைக்காக எத்தன ராத்திரி முழிச்சிருக்கு! எத்தன கண்ணீரு!"

பெஞ்சில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். பல் ஆடியது. சேலம்!

"எங்கூட வாங்க" என்று சிவதாணு பின்னறைக் கதவைத் திறந்தான்.

"ஒரு நிமிஷம் மாமா" என்றாள் சுமி. "மனசுக்கு உறுதி வரணும், அதனால இன்னொருக்கா. பேரு எழுதின தாளை நான் கவருக்குள்ள இடுதேன். ஒண்ணுபோல கவரு. எது எந்த ஊருண்ணு ஒருத்தருக்கும் தெரியாது, பல்லுக்கு மட்டும் தெரிஞ்சா போரும்."

பொன்னையன் கண்ணைத் திறந்தார். "அப்பிடி ஒண்ணும் வழக்கம் இல்ல."

"ஏன் பொன்னையண்ணே, பல்லு சொல்லுகது நெசந்தானே? செய்யுங்களேன்" என்றாள் விமலகுமாரி. தன் மகன் அஜேஷுக்குப் போன வாரம் வாக்குக் கேட்டவள். தன் கடவாய்ப்பல்லைக் கொடுத்தவள். பிள்ளையைக் கையோடு கூட்டி வந்து கையெழுத்துப் போடக் காத்திருந்தாள். அவள் பேச்சில் சந்தேகம் துளியும் இல்லை, முழு நம்பிக்கைதான். அதுதான் பொன்னையனுக்கு வினையாகிவிட்டது.

சுமி தாளை இட்ட கவர்களைக் கலைத்து மேசைமேல் வைத்தவளும் விமலகுமாரியே. பல் வலப்பக்கம் ஆடியது. பிரித்தால் கோட்டயம்! மறுபடி கலைத்தாள். சேலம். மறுபடி. கோட்டயம். நாலாம் தடவையும் கோட்டயம். ஒரே பல், ஒரே பிள்ளை, ஒரே மத்தியானம். பெஞ்சில் சலசலப்பு எழுந்தது. ராஜதாஸ் கட்டியிருந்த கையைத் தொங்கவிட்டார்.

பொன்னையன் நெற்றியைத் துடைத்தார். "மூடி வச்சா எப்பிடி? பல்லு எழுத்தைப் பாக்காண்டாமா?"

"பல்லுக்குக் கண்ணு உண்டா மாமா? எழுத்தைப் பாக்கது ஒங்க கண்ணு, நூலைப் பிடிச்சிருக்கது ஒங்க கை."

"அந்தத் தள்ளைக்கு விசுவாசம் போராது!" என்று அவர் சுகிர்தபாயைக் காட்டிச் சீறினார். "இது சஞ்சலப்பட்ட பல்லு! நான் அப்பமே கண்டேன்!"

சுமி பஞ்சைப் பிரித்துப் பல்லை மேசைமேல் போட்டாள்.

"அம்மைக்க பல்லு அல்ல. ரெஜி அண்ணனுக்க இறைச்சிக் கடையில அறுத்த ஆட்டுக்க பல்லாக்கும்."

பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒருவர், "பெத்த வயிறாக்கும்!" என்று பொன்னையன் குரலிலேயே சொன்னார். சிரிப்பில் வீடே அதிர்ந்தது. சுகிர்தபாய் பஞ்சைத் துப்பிவிட்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். ராஜதாஸ் முதலில் முறைத்தார், பிறகு தாங்க முடியாமல் அவரும் சிரித்துவிட்டார்.

சிரிக்காதவள் விமலகுமாரி மட்டும்தான். எழுந்து நேரே போய்ப் பொன்னையனின் சட்டையைப் பிடித்தாள்.

"எனக்க கடவாப்பல்லைத் தாரும்வே! இப்பத் தாரும்!"

எங்கே தருவது? சிவதாணு அதற்குள் பின்வாசல் வழியாக பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். பொன்னையனைப் போலீஸ் ஜீப் வந்து ஏற்றிப்போனது பிறகு நடந்தது.

மணி மூன்றேகால். ஓடிப்போய்க் கடையைத் திறந்தேன். சுமியின் கோட்டயம் சீட்டைப் பதிந்தேன். இன்னும் கையெழுத்துப் போடாததால் அஜேஷுக்குக் கிடைத்திருந்த சீட்டும் தப்பியது. முன்னமே அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிட்ட ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை, அந்த விண்ணப்பங்களைத் தட்டியது என் விரல்தானே.

"எலே, நல்ல பிள்ளையைப் பெத்திருக்கே" என்று யாரோ ராஜதாஸின் முதுகில் தட்டினார்கள். அவர் அசடு வழிந்தார்.

இது நடந்து பத்து நாள்கூட ஆகவில்லை. நேற்று ஒருவர் கடையில் வந்து நின்றார். எஞ்சினியரிங் கல்லூரிக்கு முழங்காலைத் தட்டிப் பார்த்து வாக்குச் சொல்கிற ஒருவர் வந்திருக்கிறாராமே, எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று கேட்டார். நான் பஸ் சொல்லவில்லை. இதைத்தான் சொன்னேன்:

"பல்லு போனா வச்சுக் கட்ட டாக்டரு உண்டு, அண்ணே. யோசிக்கிற வேலைய இன்னொருத்தன் கையில குடுத்திட்டு வந்தா, அத வச்சுக் கட்டித் தர இதுவரைக்கும் ஒரு ஊரிலயும் காலேஜ் தொறக்கல்ல."